சேஃப்டி கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்: ஓசூர் ஃபாக்டரி நண்பர்களுக்கு 5 திறமைகள்



"சார், ஓசூர்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் புரொடக்‌ஷன்ல இருக்கேன். சேஃப்டி லைனுக்கு மாறலாம்னு இருக்கேன். கோர்ஸுக்கு பெர்சனல் லோன் போடலாமா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. லோனைப் பற்றிக் கடைசியில் சொல்றேன். அந்த வேலைக்கு என்ன திறமை வேணும், அதில் எவ்வளவை இப்போ இருக்கிற வேலையிலேயே செலவில்லாம கத்துக்கலாம்னு முதல்ல பார்ப்போம்.

ஏன் இப்போ?

1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டப்படி பொதுவா 1,000 தொழிலாளர்கள் இருந்தால்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிற புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண் 500. ஆபத்தான செயல்முறை உள்ள ஃபாக்டரிகளுக்கு 250. சிப்காட்டில் இருக்கிற நடுத்தர கம்பெனிகளும் இந்த வட்டத்துக்குள் வர வாய்ப்பு இருக்கு.

சட்டம் ஒரு பக்கம். நம்ம ஏரியாவையே பாருங்க. 2024 செப்டம்பர் 28 காலையில் ஓசூர் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கெமிக்கல் வைத்திருந்த பகுதியில் தீப்பிடித்தது. தொழிலாளர்களை வெளியேற்றினார்கள். சிலருக்கு மூச்சுத்திணறல் வந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம், 2023 அக்டோபர் 7 அன்று, பார்டரைத் தாண்டினால் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை குடோன் எரிந்ததில் 14 பேருக்கு மேல் இறந்தார்கள். தீபாவளி சீசன் வேலைக்கு நம்ம ஊர்ப்பக்கத்திலிருந்து போன இளைஞர்கள் அதில் பலர்.

ரெண்டும் வேற வேற இடம், வேற வேற காரணம். ஆனா "இங்கே தீப்பிடித்தால் எந்த வழியா வெளியே போவாங்க?" என்று முன்கூட்டியே கேட்க ஒரு ஆள் எல்லா இடத்திலும் வேணும். அந்த ஆள்தான் சேஃப்டி மேனேஜர்.

1. போய்ப் பார்க்கிற பழக்கம்

ஒரு யூனிட்டுக்கு ஸ்டாக் ஆடிட் போயிருந்தேன். தீயணைப்பு சிலிண்டர் ரெஜிஸ்டரில் மாசாமாசம் டிக் இருந்தது. குடோனில் போய்ப் பார்த்தால், சிலிண்டருக்கு முன்னாடி ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி. ஆடிட்டும் சேஃப்டியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்: பேப்பரைப் பார்த்தால் மட்டும் போதாது.

பயிற்சி: வாரம் 15 நிமிஷம், ஒரே ஒரு மெஷின். எது சுத்துது, எது சூடு, எது விழும், கை எங்கே போகுது? ஒரு நோட்டில் எழுதுங்க.

2. ஹெல்மெட்டைக் கடைசியில் யோசிப்பது

பாதுகாப்புக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல ஆபத்தையே நீக்க முடியுமா? இல்லைன்னா ஆபத்து குறைந்த வேறொன்றை வைக்க முடியுமா? அப்புறம் மெஷினில் தடுப்பு. அப்புறம் வேலைமுறை, ட்ரெயினிங். கடைசியில்தான் கிளவுஸ், ஹெல்மெட்.

பவர் பிரஸ்ஸில் "கையை ஜாக்கிரதையா வை" என்று போர்டு எழுதுவதை விட, ரெண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடும் என்று செட் பண்ணுவது எவ்வளவோ மேல். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற நைட் ஷிப்ட் ஆளையும் அது காப்பாற்றும்.

3. ஆளுங்களைப் பேச வைப்பது

நம்ம ஏரியா லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஹிந்தி, ஒடியா எல்லாம் கேட்கும். பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்கணும் என்பது சேஃப்டி ஆபீசருக்கான தகுதியிலேயே ஒன்று. "நிறுத்து", "கரண்ட் இருக்கு", "வெளியே ஓடு" மாதிரி 30 வார்த்தைகளைப் பக்கத்து மெஷின்காரரிடமே கத்துக்கோங்க.

அதைவிட முக்கியம், "நூலிழையில் தப்பிச்சேன் சார்" என்று ஒருத்தர் வந்து சொன்னால் அவரைத் திட்டக் கூடாது. ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் விபத்து நடந்துதான் உங்களுக்கே தெரியும்.

4. ரூபாயில் பேசுவது

"இஎஸ்ஐ பார்த்துக்கும்" என்பது மேனேஜ்மென்ட்டில் அடிக்கடி வரும் பதில். மாசம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு, வேலை விபத்தில் தற்காலிகமாக முடங்கினால் இஎஸ்ஐ சம்பளத்தில் 90% தரும், உண்மைதான். ஆனா லைன் நின்ற நஷ்டத்தை இஎஸ்ஐ தராது.

ஒரு கற்பனைக் கணக்கு: மெஷின் தடுப்புக்கு ரூ.1,80,000. விபத்து நடந்தால் லைன் 3 நாள் நிற்கும், நாளுக்கு ரூ.60,000 என்றால் ரூ.1,80,000. லேட் டெலிவரியைச் சரிக்கட்ட அவசர லாரி ரூ.70,000. புது ஆளுக்குப் பயிற்சி ரூ.30,000. மொத்தம் ரூ.2,80,000. ஒரே விபத்தைத் தடுத்தாலே தடுப்புக்குப் போட்ட காசு திரும்பிடும். போன விரலுக்கு விலை இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

உங்க லைன் நம்பரைப் போட்டு இதே மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பழகுங்க.

5. "நிறுத்துங்க" என்று சொல்லும் தைரியம்

மாசக் கடைசி, டிஸ்பாட்ச் பிரஷர். ரிப்பேர் நடக்கும்போது மெயின் ஸ்விட்சைப் பூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொள்ளும் முறையை அப்போதுதான் "இன்னிக்கு மட்டும் விடுங்க" என்பார்கள். அங்கே நிறுத்த முடியாதவருக்கு எத்தனை சர்டிஃபிகேட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. உங்க சின்ன ஏரியாவில், உங்க பொறுப்பில் இருக்கிற மெஷினில் இருந்து தொடங்குங்க.

இப்போ லோன் விஷயம்

சட்டப்படி சேஃப்டி ஆபீசர் ஆக, டிகிரி அல்லது டிப்ளமோ, ஃபாக்டரியில் சூப்பர்வைசர் நிலையில் அனுபவம், மாநில அரசு ஏற்றுக்கொண்ட தொழில் பாதுகாப்பு டிப்ளமோ, மொழி அறிவு எல்லாம் வேணும். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இப்படி ஒரு டிப்ளமோ நடத்துது. "3 மாசத்தில் சேஃப்டி ஆபீசர்" என்ற போஸ்டரைப் பார்த்தால், பணம் கட்டும் முன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் ஒரு கேள்வி கேளுங்க: "இந்த டிப்ளமோ செல்லுமா?"

பெர்சனல் லோன் வேண்டாம். அந்த வட்டிக்கு வரிச்சலுகை கிடையாது. முறையான கல்விக்கடன் வட்டிக்கான கழிவும் பழைய வரிமுறையில்தான், புதிய முறையில் இல்லை. முதல்ல ஹெச்.ஆரிடம் கம்பெனி ஸ்பான்ஸர் பண்ணுமா என்று கேளுங்க. பண்ணினால், எத்தனை வருஷம் பாண்ட் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்து போடுங்க. இல்லைன்னா மாசம் ரூ.5,000 ஆர்டி போட்டு ஒரு வருஷத்தில் ரூ.60,000 சேர்த்துட்டுச் சேருங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

அந்த ஒரு வருஷம் வீணாகாது. மேலே சொன்ன நோட்டு அதற்குள் நிறைந்துவிடும். இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டோடு அந்த நோட்டையும் மேஜை மேல் வையுங்க.