எந்த முட்டியில் வலி?

பள்ளி நாடக ஒத்திகைகளில் அடிக்கடி கேட்கும் குரல் ஒன்று உண்டு: “இன்னும் சோகமா நடி!” கேட்ட மாணவி தலையைக் குனிவாள், குரலை இழுப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சோகம் என்பது செய்யக்கூடிய வேலை அல்ல. “அப்பா எழுதிய கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடி. அம்மா வருவதற்குள் அதை எங்கே ஒளிப்பாய்?” என்று கேட்டுப் பாருங்கள். செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்ததும் முகம் தானாக மாறும்.

கிழவர் வேடம் என்றால் கூன், கைத்தடி, நடுங்கும் குரல். எந்த ஊர்ப் பள்ளி மேடையிலும் இந்த மூன்றும் இருக்கும். பையன் தன் வீட்டில் பார்த்த கிழவர் அல்ல அவர். மேடையில் பார்த்த கிழவர். அவருக்கு எந்த முட்டியில் வலி? படியேறும்போது எந்தக் காலை முதலில் வைப்பார்? இப்படிக் கேட்டால் பையன் தன் தாத்தாவை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வான். பதில் அவனிடமிருந்தே வர வேண்டும் என்பது என் அனுபவம். ஆசிரியர் நடித்துக் காட்டினால் பையன் ஆசிரியரைத்தான் நடிப்பான்.

பொத்தாம்பொதுவான நடிப்பைக் கலையின் பகையாகவே கருதியவர் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. மக்சீம் கார்க்கி ஏழைகளின் இரவு விடுதியைக் களமாக வைத்து எழுதிய நாடகத்தை 1902இல் மாஸ்கோ கலை அரங்கு மேடையேற்றியது. அதற்கு முன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் அரங்கின் குழுவினரும் பத்திரிகையாளர் கிலியாரோவ்ஸ்கியின் துணையோடு ஹித்ரோவ் சந்தைப் பகுதி விடுதிகளுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எட்டாத காரியமல்ல. டீக்கடைக் காட்சி என்றால், நிஜ டீக்கடையில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

1949இல் பெர்லினில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தில் நடிகை ஹெலன் வைகல் செய்தது இந்த விஷயத்தில் பெரிய பாடம். மகள் செத்துக் கிடக்கிறாள். அடக்கம் செய்யும் குடியானவர்களுக்குக் கொடுக்கத் தாய் பையிலிருந்து காசை அள்ளுகிறாள். அதில் ஒரு காசை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, மீதியைக் கொடுக்கிறாள். போரை நம்பிப் பிழைத்த வியாபாரியும் பெற்ற தாயும் அந்த ஒரு காசில் சேர்ந்தே தெரிகிறார்கள். அவள் அழுது புரண்டிருந்தால் தாய் மட்டும்தான் தெரிந்திருப்பாள்.

பள்ளி நாடகத்தில் மிகவும் பாவப்பட்டவர்கள் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள். ‘எல்லோருக்கும் வாய்ப்பு’ என்று இருபது பேரை மேடையில் ஏற்றிவிட்டு, “சத்தம் போடுங்க” என்று சொல்லிவிடுகிறோம். ஜெர்மனியின் மைனிங்கன் நாடகக் குழு 1874இல் பெர்லினில் ‘ஜூலியஸ் சீசர்’ நடத்தியபோது அதன் கூட்டக் காட்சிகள் பெரிதும் பேசப்பட்டன. கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள நடிகர் ஒருவரைத் தலைவராக வைப்பது அவர்கள் வழக்கம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சந்தைக் காட்சியில் ஒருத்தி கத்தரிக்காய் விற்கிறாள். காலையிலிருந்து அரைக்கிலோதான் போயிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரன் விலையைக் குறைத்துவிட்டான். இவ்வளவு போதும், பிள்ளைகளே சண்டையைத் தொடங்கிவிடுவார்கள்.

மைனிங்கன் நடிகர்கள் தொடக்க ஒத்திகைகளிலேயே உடையும் பொருளும் வைத்துப் பழகினார்கள். குடம் தூக்கும் மாணவிக்கு முதல் நாளே தண்ணீர் நிரம்பிய குடத்தைக் கொடுத்துவிட வேண்டும். காலிக் குடத்தோடு பழகியவளின் இடுப்பு கனத்தை மறந்துவிடும்.

நுணுக்கம் என்ற பெயரில் பாத்திரத்தின் மொத்த வரலாற்றையும் பிள்ளை தலையில் ஏற்றவும் கூடாது. உடம்பை மாற்றும் விவரம் இருக்கட்டும், மற்றதை விட்டுவிடலாம். சட்டைப் பையிலுள்ள அடகு ரசீது யார் கண்ணுக்கும் தெரியாது. அதை அடிக்கடி தொட்டுப் பார்க்கும் கை கடைசி வரிசை வரை தெரியும்.

அடுத்த ஒத்திகையில் கதாநாயகனை விட்டுவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பிள்ளையிடமிருந்து கேள்விகளைத் தொடங்குங்கள். அந்தப் பிள்ளையிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.