நான்கு மாதம் போதுமா?

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க அடுத்த மாதம் போகிறேன். என் பாஸ்போர்ட் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. போதுமா?
– வாசகி, கும்பகோணம்

போதாதம்மா. அங்கே இறங்கும் நாளில் குறைந்தது 6 மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருச்சியிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கவலைப்படாதீர்கள், இன்றைக்கே தட்காலில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அதைப் புது பாஸ்போர்ட் வந்தபிறகு அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம் எடுங்கள்.

அப்புறம் ஒன்று, பலர் மறப்பது. 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற படிவத்தை, இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். தங்கப்போகும் முகவரி கேட்பார்கள். மகள் வீட்டு பிளாக் எண், யூனிட் எண், அஞ்சல் குறியீடு எல்லாம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.