சிறு நிலத்திற்குப் பழைய டிராக்டர்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் சாலையில் அமைந்துள்ள அல்வால், 2007ஆம் ஆண்டில் ஹைதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆயினும் அதற்கு வடக்கே, ஷாமீர்பேட்டை, மேட்சல் பகுதிகளில், செம்மண் நிலங்களில் காய்கறி பயிரிடுவோர் இன்னும் உள்ளனர். இரண்டு மூன்று ஏக்கர் துண்டுக்கு 50 குதிரைச் சக்தி டிராக்டர் தேவைக்கு மீறியது. இவர்களுக்கு ஏற்றது 15 முதல் 25 குதிரைச் சக்தியுள்ள சிறு டிராக்டர். பலர் நாடுவது பிறர் உபயோகித்து விற்பதை. 2015-16ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேரே. எனவே இது அல்வாலுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று.

வாங்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் ஆராய்தல் நலம். ஒரு மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டர் மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 2,500 சதுர மீட்டர் உழ வேண்டும். வரப்போரத்தில் திரும்புவதில் கால்பங்குக்கு மேல் வீணாகும். ஆகவே ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டேகால் மணி பிடிக்கும். மூன்று ஏக்கரை ஆண்டில் நான்கு முறை உழுதாலும் 27 மணியே ஆகும். புதிய டிராக்டரின் செலவைக் கணக்கிடுவோரோ ஆண்டுக்கு 1,000 மணி வேலை உண்டென்று கொள்வது வழக்கம். கடன்பட்டுப் புதிய யந்திரம் வாங்கும் சிறு விவசாயி பெரும்பாலும் வட்டிக்கே உழுகிறார் எனலாம். வாடகை டிராக்டர் பருவத்தில் தவறாமல் கிடைக்குமாயின் அதுவே மலிவு. கிடைக்காத இடத்தில்தான் பழைய டிராக்டருக்கு நியாயம் உண்டு.

பார்க்கச் செல்லுமுன், இஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாமென விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். சென்றதும் இஞ்சினைத் தொட்டுப் பார்க்கவும். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதே உசிதம். தேய்ந்த இஞ்சின் சூட்டில் எளிதாகக் கிளம்பும். குளிர்ந்திருக்கையில்தான் அதன் குறை வெளிப்படும். ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, நீரில் எண்ணெய் மிதக்கிறதா என்றும், ஆயில் குச்சியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்றும் காணவும். இரண்டில் எது தென்பட்டாலும் அந்த டிராக்டரை விட்டுவிடலாம். கிளம்பியபின் நீலப் புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதும் காரணமாகலாம். அது சிறு செலவே.

ஹவர் மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்புதல் கூடாது. பழைய மாதிரிகளில் அது இஞ்சின் சுற்றுகளை எண்ணுவதேயன்றிக் கடிகாரமன்று. கேபிள் அறுந்தால் நின்றுவிடும். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் எவ்வளவு வழுக்கையாகத் தேய்ந்திருக்கிறது என்பது இதைவிட உண்மையான சாட்சி.

அடுத்தது ஹைட்ராலிக். ரோட்டவேட்டரை மாட்டி உயர்த்தி, இஞ்சினை நிறுத்திவிட்டுக் கவனிக்கவும். சிறிது சிறிதாக இறங்குவது பெரும் குற்றமன்று. சில நிமிஷங்களுக்குள் தரையைத் தொட்டால் வால்வோ சிலிண்டரோ கசிகிறது. இச்சோதனையை மாணவர்களுக்குச் செய்து காட்டும் ஆசிரியர், உயர்த்திய கருவியின் கீழ் எவரும் கைகால் நீட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூர்மழுங்கித் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கிளட்ச் நழுவினால் அதற்கும் அதிகமாகவே குறைக்க வேண்டும். ஏனெனில் தட்டை மாற்ற டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மாதிரியின் தன்மையை அறிய, புத்னியிலும் கார்லதின்னெயிலும் உள்ள மத்திய அரசுப் பரிசோதனை நிலையங்களின் அறிக்கைகள் உதவும். அவை கூறுவது யந்திரம் புதிதாக இருந்தபோதைய நிலை. உதிரிபாகத்தைப் பற்றி ராணிகஞ்ச் கடைகளில் விசாரிப்பதே வழி. கிளட்ச் தட்டும் முன்சக்கர டயரும் கிடைக்காத மாதிரி எத்தனை மலிவாயினும் வேண்டாம்.

பதிவுப் புத்தகத்திலுள்ள இஞ்சின், சேஸிஸ் எண்களை யந்திரத்திலுள்ளவற்றோடு ஒப்பிடவும். பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் தேவை. புத்தகத்தில் பாங்கிக் கடன் குறிக்கப்பட்டிருப்பின், பாங்கி கையொப்பமிட்ட 35ஆம் படிவத்தை விற்பவர் காட்டும்வரை முன்பணம் கொடுத்தல் கூடாது.