ஆரோக்கியப்பச்சையும் சரிபாதிப் பங்கும்

நாஞ்சில் நாட்டின் வடபுறத்து மலைகள் அகஸ்தியமலைத் தொடரைச் சேர்ந்தவை. அத்தொடரின் கேரளப் பகுதிக்கு 1987ஆம் ஆண்டில் தாவர சாஸ்திர நிபுணர் புஷ்பாங்கதன் குழுவினர் ஆராய்ச்சிக்காகச் சென்றனர். வழிகாட்டிய காணிக்காரர் ஒரு செடியின் சிறு கனிகளைத் தின்றுகொண்டே களைப்பின்றி மலையேறினர். நிபுணர்களுக்கோ மூச்சு வாங்கிற்று. செடி எதுவென்று வினவியபோது, குலரகசியமென்று முதலில் கூற மறுத்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

அதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்துப் பாலோடு தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் ‘ஜீவனி’ என்னும் மருந்தைக் கண்டனர். 1995இல் கோயமுத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உற்பத்தி உரிமை அளிக்கப்பட்டது. உரிமைக் கட்டணத்தில் சரிபாதி காணிக்காரருக்கென முடிவாயிற்று. ஆயினும் அதைப் பெற்றுக்கொள்வதற்குரிய ஸ்தாபனம் அவர்களிடம் இல்லை. அங்கத்தினர்கள் இதனைக் கவனிக்க. 1997இல் டிரஸ்டு ஒன்றைப் பதிவு செய்த பின்னரே, 1999இல் பணம் கைக்கு வந்தது.

இதற்கிடையே, செடியின் புகழறிந்த வெளியார் அதனை வேரோடு பறிக்கலாயினர். மருந்துக்கு வேண்டியதோ இலை மட்டுமே.