குழந்தைகளின் வீடியோ டைரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, செல்போனை மேசையில் சாய்த்து வைத்து, அன்றைய நாளைப் பற்றி இரண்டு மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்வது. வீடியோ டைரி என்பது இவ்வளவுதான். இதைப் பழக்கினால் பிள்ளைக்கு உணர்வு நுண்ணறிவு வளரும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. நல்ல பழக்கம்தான், பக்குவமாகச் செய்தால் பலன் உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இறங்கினால், அதே பழக்கம் பிள்ளையை வாட்டவும் கூடும். பெற்றோரிடம் ஊன்றிப்போன சில நம்பிக்கைகளை அதனால்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: தினமும் பதிவு செய்தாலே உணர்வு நுண்ணறிவு தானாக வளர்ந்துவிடும்.

உண்மை: உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை 1990-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வகுத்துத் தந்தவர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். 1995-ல் வந்த டேனியல் கோல்மனின் புத்தகம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது, அந்த அறிவைக் கொண்டு யோசித்து நடப்பது என்று அந்த முதல் கட்டுரை அதை விளக்கியது. இந்த மூன்று வேலையையும் பிள்ளைதான் செய்தாக வேண்டும். கேமரா உதவுவது ஒரே இடத்தில்: உள்ளே குழம்பிக் கிடப்பதை வாய்விட்டுச் சொல்ல ஒரு நேரத்தையும் சாக்கையும் ஏற்படுத்தித் தருகிறது.

வாய்விட்டுச் சொல்வதற்குப் பலன் இருக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதைப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததோடு அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். 2006-ல் சோன்யா லுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. தங்கள் கசப்பான அனுபவத்தைச் சிலர் எழுதினார்கள், சிலர் டேப் ரிக்கார்டரில் பேசினார்கள், சிலர் மனதுக்குள்ளேயே நினைத்துப் பார்த்தார்கள். எழுதியவர்களும் பேசியவர்களும் தேறினார்கள். வெறுமனே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அங்கே படம் எதுவும் எடுக்கப்படவில்லை, குரல் மட்டும்தான் பதிவானது. கேமரா முன்னால் கூச்சப்படும் பிள்ளையை வற்புறுத்த வேண்டியதில்லை. வாய்ஸ் ரிக்கார்டரே போதும், நோட்டுப் புத்தகமும் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள். வளரிளம் பருவத்தினரிடம் நடந்த எழுத்துப் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் தெரிந்த பலன் சிறியதே. "ஒரே மாதத்தில் உங்கள் பிள்ளை மாறிவிடும்" என்று விற்கப்படும் எந்தப் பயிற்சியையும் இந்தச் சிறிய பலனோடு வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நம்பிக்கை: மனதில் உள்ளதையெல்லாம் கொட்டித் தீர்த்தால் பாரம் குறைந்துவிடும்.

உண்மை: அதிகம் பேர் நம்புவதும் அதிகக் கவனம் தேவைப்படுவதும் இதுதான். கோபத்தைக் கொட்டினால் கோபம் தணியுமா என்று பிராட் புஷ்மன் 2002-ல் சோதித்தார். தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களின் கோபம் கூடியது. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். அதே ஆண்டு அமாண்டா ரோஸ் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தார். ஒரே பிரச்சினையைத் தோழிகள் திரும்பத் திரும்பப் பேசிக் கிளறும்போது நட்பு இறுகுகிறது, கூடவே சோர்வும் பதற்றமும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று அவர் கண்டார். தோழியின் இடத்தில் கேமராவை வைத்துவிட்டால் மட்டும் இந்தக் கிளறல் நல்லதாகிவிடாது. "அவ என்னை சேத்துக்கவே மாட்டேங்கிறா" என்று நிலா என்ற சிறுமி பத்து நாளாக ஒரே தொனியில் பதிவு செய்துகொண்டிருந்தால், அவள் ஒரு காயத்தைப் பத்து முறை கீறிக்கொண்டிருக்கிறாள்.

வேறு வழி இருக்கிறது. ஈதன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக், ஏஞ்சலா டக்வொர்த் உள்ளிட்டோர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 2011-ல் இதைச் செய்து பார்த்தார்கள். கோபமூட்டிய ஒரு சம்பவத்தைச் சிலர் மறுபடி அதற்குள்ளேயே நின்று நினைத்தார்கள். மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்று, யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல் நினைத்தார்கள். தள்ளி நின்று பார்த்த பிள்ளைகளுக்கு மனக்கொதிப்பு குறைவாக இருந்தது, எதிராளி மீது பழி போடுவதும் குறைந்தது. வீடியோ டைரியின் உண்மையான பலம் இங்கேதான் என்பது என் கருத்து. இரண்டு வாரம் கழித்துப் பிள்ளை விரும்பினால் பழைய பதிவைப் போட்டுப் பார்க்கலாம். அப்போது திரையில் இருப்பது "அன்றைய நான்". "அன்னிக்கு நிலா ஏன் அவ்வளவு கோவமா இருந்தா? இப்போ நீ அவகிட்ட என்ன சொல்லுவே?" என்று அவள் பெயரைச் சொல்லியே கேட்கலாம். நோட்டில் எழுதியதைப் படிக்கும்போது கிடைக்காத ஒன்று, தன் குரலின் நடுக்கத்தையே கேட்கும் வாய்ப்பு, இதில் கிடைக்கிறது.

பதிவு செய்யும் நேரத்திலோ நேர் எதிர். செல்ஃபி கேமராவில் பேசும் பிள்ளை தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுகிறது. கண்ணாடியோ கேமராவோ ஒருவரின் கவனத்தைத் தன் மீதே திருப்பினால் அவர் தன்னை எடைபோடத் தொடங்குகிறார் என்று டுவலும் விக்லண்டும் 1972-லேயே எழுதிவிட்டார்கள். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஏற்கெனவே அழுத்தும். தலைமுடி சரியாயிருக்கிறதா, மூக்கு பெரிதாகத் தெரிகிறதா என்ற கவலை வந்துவிட்டால் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், அல்லது திரையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.

நம்பிக்கை: "இன்னிக்கு எப்படி ஃபீல் பண்ணினே?" என்று கேட்டால் பிள்ளை சொல்லிவிடும்.

உண்மை: "நல்லா இருந்துச்சு", "கடுப்பா இருந்துச்சு", "ஒரு மாதிரி இருந்துச்சு." இந்த மூன்றோடு பதில் முடிந்துவிடும், ஏனென்றால் வேறு வார்த்தை கையில் இல்லை. ஏமாற்றம், பொறாமை, கூச்சம், ஏக்கம், அவமானம், குற்ற உணர்ச்சி எல்லாமே "கடுப்பு" என்ற ஒரே பெயரில் வெளியே வருகின்றன. அஞ்சும் முகத்தையும் கோபப்படும் முகத்தையும் பார்த்து அந்த உணர்வின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் செயல்பாடு தணிவதை மேத்யூ லிபர்மன் 2007-ல் மூளை ஸ்கேனில் காட்டினார். பெயர் தெரிந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும்?

தமிழில் இதற்கு வழி பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணத்தால் பிறக்கும் என்றும் வகுக்கிறது. அழுகைக்கு அது சொல்லும் காரணங்களில் இழிவுபடுவதும் உண்டு, இழப்பதும் உண்டு. ஜாமென்ட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு அழும் பிள்ளையும், வகுப்பில் எல்லோர் முன்பும் திட்டு வாங்கிவிட்டு அழும் பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல்தான் தெரிவார்கள். முதல் பிள்ளைக்குத் தேடித் தருவது ஆறுதல். இரண்டாம் பிள்ளையிடம் "புதுசு வாங்கித் தரேன்" என்றால் அது தன்னை யாருக்கும் புரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இந்த வார்த்தைகளைப் பிள்ளைகள் கேமராவிடம் கற்பதில்லை. நடந்ததைத் திரும்பப் பேசும்போது "அப்புறம் என்ன ஆச்சு, அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு, அது ஏன் அப்படி இருந்திருக்கும்" என்று விரித்துக் கேட்கும் தாய்மார்களின் பிள்ளைகள் தங்கள் அனுபவத்தை விரிவாகச் சொல்லப் பழகுகிறார்கள் என்பதை ராபின் ஃபிவுஷ், எலெய்ன் ரீஸ் போன்றோர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் பெரியவர்களும் சொல்ல வேண்டும்: "இன்னிக்கு மேனேஜர் பேசினது எனக்கு அவமானமா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து உன்மேல எரிஞ்சு விழுந்தேன்." இப்படிப் பேசும் அப்பாவின் மகன் வீடியோ டைரியில் பேசத் தயங்க மாட்டான். "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று கேட்கும் வீட்டில் எத்தனை பதிவு எடுத்தாலும் அவன் கிரிக்கெட் ஸ்கோரைத்தான் சொல்லுவான்.

நம்பிக்கை: நல்ல விஷயங்களை மட்டும் அலசிப் பேசச் சொன்னால் மகிழ்ச்சி கூடும்.

உண்மை: மேலே சொன்ன 2006 ஆய்வின் மறுபாதி இதைத்தான் பார்த்தது. மகிழ்ச்சியான தருணத்தை ஏன், எப்படி என்று அலசியவர்களைவிட, அதை மனதில் அப்படியே மறுபடி ஓட்டிப் பார்த்தவர்களே மேலானவர்களாக இருந்தார்கள். திருவிழாவில் ராட்டினம் ஏறியதற்குக் காரணம் கேட்க வேண்டாம். அதைச் சொல்லி மகிழட்டும், விட்டுவிடுங்கள். தினமும் பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வாரம் இரண்டு முறை, சொல்ல ஏதாவது இருக்கும்போது, போதும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை. இரவு படுக்கும்போது கதைபோல் பேசுவதே அவர்களுக்கு நல்லது.

நம்பிக்கை: பெற்றோர் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் முகத்தைப் படித்துச் சொல்லும் ஆப் ஒன்றாவது இருக்க வேண்டும்.

உண்மை: முகத்தை மட்டும் வைத்து உணர்வை நம்பகமாகச் சொல்ல முடியாது என்று லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு ஆய்வாளர்களும் ஏராளமான ஆய்வுகளைப் பரிசீலித்து 2019-ல் எழுதினார்கள். பள்ளிகளிலும் பணியிடங்களிலும் செயற்கை நுண்ணறிவால் உணர்வைக் கணிப்பதை ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. பெற்றோர் பார்ப்பதைப் பொறுத்தவரை, பதிவு பிள்ளைக்குச் சொந்தம். பிள்ளை காட்டினால் பாருங்கள், அழித்துவிட்டால் கேட்காதீர்கள். அழுதுகொண்டே பேசியதை "எவ்வளவு க்யூட்" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் உண்மை பேசாது. போனில் தானாக பேக்கப் ஆகும் வசதி எந்தக் கணக்கில் இயங்குகிறது, அந்தக் கணக்கை வேறு யார் திறக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதலைத் தரும் கை உங்களுடையது என்பதால், ஆப்பின் நிபந்தனைகளைப் படிக்காமல் விரலை வைக்காதீர்கள்.

நம்பிக்கை: ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால் எதையும் வெளியே சொல்லக் கூடாது.

உண்மை: இந்த வாக்குக்கு ஒரு விதிவிலக்கை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்: "உன்னை யாராவது காயப்படுத்தினாலோ, உன்னையே நீ காயப்படுத்திக்கணும்னு தோணினாலோ, அதை மட்டும் நான் உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவேன்." வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் பதிவில் ஒரே இருட்டாகப் பேசும் பிள்ளைக்கு டைரி மருந்தாகாது. டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, சிறார் உதவி எண் 1098 இரண்டும் கட்டணமில்லாதவை, அழைத்துப் பேசலாம். பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால், அதைச் "சரியாக" இன்னொரு முறை கேமரா முன் சொல்லவைக்காதீர்கள். சாட்சியம் சேர்ப்பது பெற்றோரின் வேலையில்லை; திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது பிள்ளையை மேலும் நோகடிக்கும். அந்தப் பதிவை உறவினர்கள் யாருக்கும் அனுப்பவும் கூடாது. போக்சோ சட்டம் 2012-இன்படி விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது.