வளரிளம் பருவ மனச்சோர்வும் மலைக்கிராமங்களும்

இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த காந்தலூர், பூண்டும் ஆப்பிளும் விளையும் மலைக்கிராமமாகும். தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் இத்தகைய ஊர்களில், மனநல மருத்துவரை நாட மலைப்பாதையில் நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது. ஆகவே, மனச்சோர்வுற்ற மாணவர்க்கு முதலுதவி அருகில் இருப்போரிடமிருந்தே கிடைத்தாக வேண்டும்.

2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோரில் 7.3 சதவீதத்தினரிடம் மனநலக் கோளாறுகளைக் கண்டறிந்தது. இடைவிடாத துயரம், உறக்கமின்மை, படிப்பிலும் விளையாட்டிலும் நாட்டமின்மை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனைச் சோம்பல் என்று ஒதுக்கலாகாது. அது சிகிச்சையால் தீரக்கூடிய நோயாக இருக்கலாம்.

பெற்றோரும் ஆசிரியரும் அறிவுரை கூறுமுன் செவிமடுத்தல் வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது. உண்டெனில், அம்மாணவரைத் தனியே விடாது உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

மனநலச் சேவையை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொண்டுசெல்லும் நோக்குடன் 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதிவைக்கப் பெருநிதி ஒதுக்கீடு தேவையில்லை.