தற்புகழ்ச்சியும் தன்விவரக் குறிப்பும்

கல்வி முடித்து வேலை நாடும் ஒருவர், தம்மை முன்பின் அறியாத ஒருவர்க்குத் தம்மை அறிமுகம் செய்து எழுதுவது தன்விவரக் குறிப்பு. 'பயோடேட்டா' என்றால்தான் நம் பகுதியில் எவர்க்கும் எளிதில் விளங்கும். நிறுவனங்களோ 'ரெஸ்யூம்' என்று கேட்கின்றன. பெயர் எதுவாயினும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பின் நேர்காணலுக்கு அழைப்பு வருவதும் வராமற் போவதும் பெரும்பாலும் அந்த ஓரிரு பக்கங்களைப் பொறுத்தே அமைகின்றன.

குத்துக்கல்வலசையிலும் தென்காசியிலும் கணினி நிலையங்களில் அச்சாகி வரும் குறிப்புகள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். பெயரையும் தந்தை பெயரையும் மறைத்துவிட்டால் ஒன்றற்கும் மற்றொன்றற்கும் வேறுபாடு காண்பது அரிது. 'நேர்மை', 'கடின உழைப்பு', 'குழுவாக இயங்கும் ஆற்றல்' என்னும் சொற்கள் எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் நிற்கும். கடைக்காரரின் கணினியில் முன்பே இருக்கும் படியில் பெயரை மட்டும் மாற்றி எடுத்தவை அவை. எழுதியவர் பொய் கூறவில்லை. தம்மைப் பற்றி எதுவும் கூறவுமில்லை.

இதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று நாம் கருதவில்லை. 'தன்னைத் தானே புகழலாமா?' என்னும் கூச்சம் நம் இல்லங்களில் ஊட்டி வளர்க்கப்பட்டது. தமிழ் பயில்வோர்க்கு அது இன்னும் மிகுதி. ஆனால் இந்த ஐயத்திற்கு நம் இலக்கணமே விடை பகர்ந்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, பல துறைகளில் புதியன படைத்தவனாயினும் ஒருவன் தன்னைப் புகழ்தல் தகாது என்று முதலில் விதிக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் அது தகும் என்று விலக்கும் அளிக்கிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழலாம். இவற்றுள் முதலிரண்டும் விண்ணப்பம் எழுதுவோர்க்கென்றே சொன்னவை போல அமைந்துள்ளன. விண்ணப்பம் ஓர் ஓலை. அதனைப் படிக்கும் அதிகாரி நம் ஆற்றலை அறியாதவர்.

புகழலாம் என்றால் எவ்வாறு புகழ்வது? இதற்குக் கணிதமேதை இராமானுசன் எழுதிய இரு மடல்கள் தக்க பாடமாகும்.

1912-ஆம் ஆண்டில் அவர் வேலையின்றித் தவித்த இளைஞர். கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909-இல் திருமணமும் முடிந்திருந்தது. 1912 பிப்ரவரி 9-ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு எழுத்தர் பணி வேண்டி மடல் எழுதினார். மிகச் சிறிய மடல் அது. மெட்ரிகுலேசன் தேறியதைச் சொன்னார். எஃப்.ஏ. வரை பயின்றதையும், இடையூறுகள் பல நேர்ந்தமையால் மேலே தொடர இயலாததையும் ஒரே தொடரில் சொல்லி முடித்தார். அழுது புலம்பவில்லை, தேறியதாகக் காட்டிக்கொள்ளவுமில்லை. அந்த இடைக்காலத்தில் தம் நேரம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிட்டதை அடுத்துக் குறித்தார். பணி கிடைத்தால் செவ்வனே செய்ய இயலும் என்று உறுதி கூறினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையையும் உடன் இணைத்தார். மார்ச் 1-ஆம் நாள் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் பணியில் அமர்ந்தார்.

ஓராண்டு கூட நிறையுமுன், 1913 சனவரி 16-இல், கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஆர்டிக்கு அவர் எழுதிய மடலோ வேறு வகையானது. தாம் துறைமுக அலுவலகத்தின் எளிய எழுத்தர் என்பதையும் பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை எழுதி அனுப்பினார். துறைமுகத்திற்கு எழுதியபோது தேற்றம் ஒன்றும் இல்லை. எழுத்தர் பணிக்கு அது வேண்டுவதன்று. ஆர்டிக்கு எழுதியபோது தேற்றங்களே சான்று. ஒரே மனிதர், படிப்பவர் வேறாகவே மடலும் வேறாயிற்று. பாயிரத்தில் கூற வேண்டுவனவாக நன்னூல் எண்ணும் எட்டனுள் கேட்போரும் பயனும் இடம்பெற்றிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒரே குறிப்பை ஐம்பது படி எடுத்து ஐம்பது நிறுவனங்களுக்கும் அனுப்பும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆர்டிக்கு எழுதிய மடலில் ஒரு பிழையும் உண்டு. தம் வயது ஏறத்தாழ 23 என்று அவர் எழுதினார். 1887 திசம்பர் 22-இல் பிறந்த அவருக்கு அப்போது 25 நிறைந்திருந்தது. தேற்றங்களைக் கண்ட ஆர்டி வயதைப் பொருட்படுத்தவில்லை. நமக்கு அச்சலுகை கிடையாது. பள்ளிச் சான்றிதழில் உள்ள நாளும் குறிப்பில் உள்ள நாளும் வேறுபட்டால், சான்றிதழ் சரிபார்ப்பின்போது கிடைத்த வேலையும் கை நழுவக்கூடும்.

இனி நம் மாணவரின் நிலைக்கு வருவோம். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் பழக்கடையிலோ விடுதியிலோ வேலை பார்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாணவர் பலர். பீடி சுற்றும் தாயாருக்காக இலையும் தூளும் வாங்கி வந்து, ஒப்படைத்த பீடியின் கணக்கை வாரந்தோறும் எழுதி வைக்கும் மாணவியரும் உளர். இவர்தம் குறிப்புகளில் 'முன் அனுபவம்' என்னும் இடத்தில் 'இல்லை' என்றே காண்கிறோம்! வறுமை வெளிப்படும் என்ற நாணத்தால் மறைக்கின்றனர் போலும். 'மூன்று ஆண்டுகள் பருவகாலத்தில் பழக்கடையில் விற்பனையும் அன்றாட வரவு செலவுக் கணக்கும் பார்த்தேன்' என்னும் ஒரு தொடர், 'கடின உழைப்பாளி' என்று பத்து முறை எழுதுவதினும் மேலானது. முன்னது நடந்த செய்தி. அதிலிருந்து உழைப்பாளி என்னும் முடிவைப் படிப்பவரே கண்டுகொள்வார். தமிழ் இலக்கியம் பயின்றோரும் தம் பட்டத்தை எழுதக் கூச வேண்டியதில்லை. இம்மலர் போன்றதொரு மலரின் மெய்ப்பைத் திருத்தியதும், ஒருங்குறியில் தட்டச்சு செய்ததும், மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்தளித்ததும் பதிப்பகமும் ஊடகமும் விலை கொடுத்துப் பெறும் திறன்களே. அருகிலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்திருக்கும் சோகோ மென்பொருள் நிறுவனம், பட்டம் பெறாதோரையும் தன் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துப் பணிக்கு எடுத்து வருவதை நம் மாணவர் அறிவர்.

வடிவம் பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. புதிதாக வேலை தேடுவோர்க்கு ஒரு பக்கம் போதும். அண்மையில் செய்தது மேலே வருதல் நன்று. தனியார் நிறுவனம் கேட்டாலன்றிச் சமயம், சாதி, பெற்றோர் தொழில் ஆகியவற்றை எழுதுதல் தேவையற்றது. அரசுப் பணிக்கோ தேர்வாணையத்தின் படிவம் கேட்பதைக் கேட்டவாறே நிரப்ப வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இன்று மனிதர் பார்க்குமுன் கணினி நிரலே குறிப்பைப் படித்துச் சலிக்கிறது. பூ வேலையும் கட்டங்களும் அதற்கு இடையூறு. மின்னஞ்சல் முகவரி விளையாட்டுப் பெயராக இராமல் தம் பெயராக இருக்கட்டும். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் மற்றவை யாவும் வீண்.

இறுதியில் சான்றுரைப்போர் பெயர் வரும். ஒருவன் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்யத் தக்கோராக நன்னூல் காட்டுவது அவன் ஆசிரியனையும் உடன் கற்றோனையும் மாணாக்கனையும் உரைகாரனையுமே. அனைவரும் அவன் புலமையை அருகிருந்து கண்டவர்கள். அறிமுகம் மட்டுமே உள்ள பெரிய மனிதரின் பெயரைவிட, வகுப்பில் நம் கட்டுரையைத் திருத்திய ஆசிரியரின் பெயர் நன்று. எழுதுமுன் அவரிடம் இசைவு பெறுவதோடு எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதையும் தெரிவித்துவிட வேண்டும். அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும்போது அவர் 'எந்த மாணவர்?' என்று தயங்கி நிற்கலாகாது.